மனம் வருந்துதலும் மனம் திரும்புதலும்

தவக்காலம் வந்தால் நமது ஆலயங்களில் பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசை நிற்கிறது. கோபப்பட்டேன், பொய் சொன்னேன், ஞாயிறு பூசைக்குப் போகவில்லை என்று சொல்லி எழுந்து வருகிறோம். அயலவனின் பிழைப்புக்குச் செய்த தீங்கை அங்கே சொல்லுகிறோமா? முந்தல் களப்பின் கரையில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்.

களப்பில் நடந்தது

1980களில் சிலாபம் முதல் புத்தளம் வரையான கரையோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தது. பல இடங்களில் கண்டல் மரங்களை வெட்டிக் குளம் தோண்டினார்கள். அந்த வேர்களுக்கிடையில்தான் மீன் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்கின்றன என்பது தோணியில் போகும் எவருக்கும் தெரிந்ததே.

இக்கரையின் களப்புகளை ஒல்லாந்தர் கால்வாய் இணைக்கிறது. ஒரு பண்ணை கழிவுநீரை விட்ட அதே கால்வாயிலிருந்து அடுத்த பண்ணை நீர் எடுத்தது. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது, கடன்பட்டுப் பண்ணை போட்ட பலர் நொடிந்துபோனார்கள். கைவிடப்பட்ட குளங்கள் இன்றும் கிடக்கின்றன.

நோய் ஒரு கிருமியால் வந்தது. அதை எவருடைய பாவத்துக்கும் கிடைத்த தண்டனை என்று சொல்ல நாம் துணியோம். ஆனால் நோய் என்று தெரிந்த பின்னும் இரவில் மதகைத் திறந்துவிடுவது வேறு விடயம். அது அயலவனின் சோற்றில் மண் போடுவதாகும்.

பாவ உணர்வு

இறைவாக்கினர் நாத்தான் தாவீது அரசனிடம் வந்தபோது எடுத்த எடுப்பில் குற்றம் சாட்டவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொன்னார். தாவீது கொதித்தெழுந்தான். அந்தச் செல்வன் தானே என்று அறிந்தபோதுதான் உடைந்துபோனான். பண்ணைக்காரரைக் குறைசொல்லும் நாமும் விறகுக்குக் கண்டல் வெட்டியிருக்கலாம். சிறுகண் வலை இழுத்திருக்கலாம்.

அழுதால் போதுமா?

யூதாசும் வருந்தினான், வெள்ளிக்காசையும் திருப்பி எறிந்தான். ஆனால் ஆண்டவரிடம் திரும்பவில்லை. அவனது வருத்தம் அவனையே தின்றுவிட்டது. பேதுரு அழுதார், ஆண்டவரிடமே திரும்பினார்.

சக்கேயுவைப் பாருங்கள். இயேசு முதலில் அவனைப் பெயர் சொல்லி அழைத்து அவனது வீட்டுக்கு வந்தார். அதன் பின்னரே அவன் உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றியதை நான்கு மடங்காக உரியவருக்கும் கொடுக்க முன்வந்தான். அவன் மன்னிப்பை விலைக்கு வாங்கவில்லை. கிடைத்த மன்னிப்பே அவனது மூடிய கையைத் திறந்தது.

ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவசங்கீர்த்தனம், அபராதம் தீர்த்தல் என ஐந்தையும் நமது பெரியோர் ஞானோபதேசத்தில் கற்றுத் தந்தார்கள். நாமோ அபராதத்தை மூன்று செபங்களோடு முடித்துக்கொள்கிறோம். பிறருக்குச் செய்த சேதத்தை இயன்றவரை ஈடுசெய்வதும் மனந்திரும்புதலைச் சேர்ந்ததே. 2001இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் சுற்றுச்சூழல் மனமாற்றம் பற்றிப் பேசினார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலில் அதை விரித்துரைத்தார்.

நமது பரிகாரம்

குளத்தில் நோய் கண்டால் அன்றே அயல் பண்ணைகளுக்கும் அதிகாரிகளுக்கும் அறிவிப்போம். கிருமியை அழிக்காமல் நீரை வெளியே விடாதிருப்போம். குஞ்சு விடும் கால அட்டவணையை மதிப்போம். கைவிட்ட குளத்தில் கன்று நடுமுன், அணையை வெட்டிக் களப்பு நீர் வந்துபோக வழி செய்வோம். நீரோட்டம் இல்லாத இடத்தில் நட்ட கண்டல் பட்டுப்போகும். வழி திறந்தால் பல இடங்களில் விதைகள் தாமாகவே வந்து முளைக்கும்.

அன்பியத்தில் கலந்துரையாட:

1. நமது தொழிலால் நட்டப்பட்ட அயலவர் யார்?
2. அவருக்கு நாம் ஈடுசெய்ய வேண்டியது என்ன?
3. வரும் பாஸ்காவுக்கு முன் அதில் எதைத் தொடங்கலாம்?