ஈஸ்டில் விளையும் காளான் புரதம்

தென்னையின் அடித்தண்டு அழுகி மரம் பட்டுப்போவதைத் தோப்புடையோர் அறிவர். 1952-ஆம் வருஷத்தில் தஞ்சைப் பகுதியில் கண்டறியப்பட்டமையால் தஞ்சாவூர் வாடல் என்று பெயர் பெற்ற இந்நோய்க்கு, மரத்தின் தூரில் தட்டையாக முளைக்கும் கானோடெர்மா என்னும் காளானே காரணமாகும். இதே வர்க்கத்தைச் சேர்ந்த வேறொரு ஜாதியைச் சீனர் லிங்ஷி என்றும் ஜப்பானியர் ரெய்ஷி என்றும் வழங்கி, நெடுங்காலமாக மருந்தாகக் கொண்டுள்ளனர். அதன் பொடி இந்தியாவிலும் விற்கப்படுகிறது. அதனைப் பயிரிட்டு லாபம் பெற எண்ணுவோர், அதிலுள்ள சத்துக்களில் ஒன்று காளானே இல்லாமல் உற்பத்தியாகும் விதத்தை அறிந்துகொள்வது நலம்.

1989-ஆம் வருஷத்தில் ஜப்பானிய விஞ்ஞானிகள் இக்காளானின் இழைகளிலிருந்து எல்.இஸட்.-8 என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்தனர். 110 அமினோ அமிலங்களாலான இப்புரதம், சோதனைச் சாலையில் எலியின் மண்ணீரல் அணுக்களைப் பெருகச் செய்தது. ஆயினும், காளானில் இது சிறிதளவே உள்ளது. காளான் முற்றவும் மாதங்கள் செல்லும். ஆகவே விஞ்ஞானிகள் ஈஸ்டை நாடினர்.

கள்ளைப் புளிக்கச் செய்வதும் ரொட்டி மாவைப் பொங்கச் செய்வதும் ஈஸ்ட் என்னும் நுண்ணிய பூசணமேயாகும். அதில் பல ஜாதிகள் உண்டு. பிச்சியா பாஸ்டோரிஸ் என்ற ஜாதி மெத்தனால் என்னும் சாராயத்தை உண்டு வளரக்கூடியது. 1970-க்குப் பின் அமெரிக்காவில் பிலிப்ஸ் பெட்ரோலியம் கம்பெனியார் கால்நடைத் தீவனப் புரதத்திற்காக இதனைப் பெருக்கினர். மெத்தனால் விலை ஏறியதால் அத்தொழில் நிலைக்கவில்லை. ஆனால் அந்த ஈஸ்ட் வேறு வேலைக்கு உதவிற்று.

காளானின் புரதத்திற்குரிய ஜீன், அதாவது பரம்பரைக் குறிப்பு, இந்த ஈஸ்டினுள் சேர்க்கப்படுகிறது. எஃகுத் தொட்டியில் கிளிசரின் ஊட்டி ஈஸ்ட் பெருக்கப்படும். பின்னர் மெத்தனாலைச் சிறிது சிறிதாக விட்டால் அக்குறிப்பு விழித்தெழும்; ஈஸ்ட் சில தினங்களில் புரதத்தை வெளி நீரில் கக்கும். அந்நீரை வடித்துச் சுத்தி செய்வர். ஹைதராபாத்தில் 1997-ஆம் வருஷத்தில் வெளிவந்த ஹெபடைட்டிஸ்-பி தடுப்பு மருந்தும் இதே ஈஸ்டில் செய்யப்பட்டதே. மெத்தனால் கொடிய விஷமாதலால், இது குடிசைத் தொழிலுக்கு ஏற்றதன்று.

இதனின்று குடியானவர்கள் கவனிக்கத் தக்கவை மூன்று. முதலாவது, ஜீன் ஒரு முறை ஈஸ்டில் ஏறிவிட்டால் பின்பு காளான் தேவையில்லை. ஆகையால், புரதம் செய்வோர் காளானைக் கொள்முதல் செய்வர் என்று நம்பிக் கொட்டகை போடலாகாது. இரண்டாவது, ஈஸ்ட் தருவது ஒரு புரதம் மட்டுமே. காளானிலுள்ள கசப்புச் சத்துக்கள் முதலியன அதில் இரா. எனவே ஒன்றைப் பற்றிய ஆராய்ச்சியைக் காட்டி மற்றொன்றை விற்றல் தகாது. புற்று நோய்க்கு இக்காளானை முதல் சிகிச்சையாகக் கொள்ளப் போதிய ஆதாரமில்லை என்று 2016-ஆம் வருஷத்துக் காக்ரேன் மதிப்பாய்வும் கூறிற்று. மூன்றாவது, தென்னந்தூரில் முளைப்பதை மருந்தென்று கருதி எவரும் உண்ணலாகாது. அது தோப்பிற்கு வந்த ஆபத்தின் அடையாளம்; பட்ட மரத்தை வேரோடு தோண்டி எரித்துவிடுதலே தக்கது.