களைப்பை அளக்கும் வித்தை

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும், அறுப்பு முடிந்த சுற்றுவட்டார வயல்களிலும் மாலையில் பந்துதைக்கும் சிறுவர்களைப் பார்த்து, "களைப்பாயிருக்கிறதா, தம்பி?" என்று கேளுங்கள். "இல்லை, ஸார்!" என்றே பதில் வரும். உண்மையைச் சொன்னால் ஆட்டத்திலிருந்து விலக்கிவிடுவார்களே என்ற பயம்! ஆகையால், வாயை விட்டுத் தேகத்தையே நாம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மேனாட்டார் பல உபாயங்கள் கண்டிருக்கின்றனர். முதுகில் அணியும் சிறு கருவி ஓடிய தூரத்தைக் கணக்கிடுகிறது. மார்புப் பட்டை இருதயத் துடிப்பை எண்ணுகிறது. கைதேர்ந்த ஆட்டக்காரர்களுக்கும் கடைசி 15 நிமிஷத்தில் வேக ஓட்டம் குன்றிவிடுவதை 2003-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று.

பணமில்லாத பள்ளிக்கும் வழி உண்டு. ஸ்வீடன் தேசத்துக் குன்னார் போர்க் வகுத்த அளவுகோல் 6-ல் தொடங்கி 20-ல் முடிகிறது. சிரமமே இல்லையென்றால் 6. இனி ஓர் அடியும் இயலாதென்றால் 20. ஆட்டக்காரனே எண்ணைச் சொல்ல வேண்டும். அதிலும் பையன் குறைத்துச் சொல்லலாம் அல்லவா? அதற்குத்தான் தராசு. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால், வியர்வையாய்ப் போன நீர் வெளிப்பட்டுவிடும். எடையில் நூற்றுக்கு 2 பங்கு குறைந்தாலே ஆட்டம் தளரக்கூடும்.

2014-ல் பிரேஸில் உலகக் கோப்பைப் போட்டியில், ஃபோர்ட்டலேஸா நகரில் வெப்பம் மிகுந்தபோது, ஆட்டத்தையே நிறுத்தித் தண்ணீர் கொடுத்தார்கள். சித்திரை வெயில் கொளுத்தும் நம் ஊரில், பாதி ஆட்டத்தின் நடுவே ஒரு குவளை நீர் கொடுக்க எந்தக் கருவிக்காகக் காத்திருக்கிறோம்?