வொஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேறவில்லையா?

வீட்டு வேலைகளில் உடுப்புக் கழுவும் பாரத்தைக் குறைத்தது வொஷிங் மெஷின். ஆனால் அது பாதியில் நின்றுவிட்டால் வேலை இரட்டிப்பாகிவிடுகிறது. அழுக்குத் தண்ணீர் உள்ளே, ஊறிய உடுப்புகளும் உள்ளே, கதவோ திறக்காது.

சென்ற வருடம் ராத்தாவின் வீட்டில் இதுதான் நடந்தது. தொலைபேசியில் விசாரித்தபோது, “போர்ட் போயிருக்கும், மாத்தத்தான் வேணும்” என்றார் ஒருவர். அவர் சொன்ன தொகையைக் கேட்டு ராத்தா தலையில் கை வைத்தார். இதற்கிடையில் மூத்த மகன் மெஷினைச் சற்று நகர்த்த, வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. அவன் அதை உயர்த்தினான், மறுபடியும் விழுந்தது. “சாச்சி, இந்த சுவிட்ச் நிக்குதில்ல” என்று மூன்றாம் முறையும் கையை வைத்தவனை நான்தான் தடுத்தேன்.

சகோதரிகளே, இத்தகைய வேளையில் செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன என்பதை நாம் அறிந்திருப்பது அவசியம்.

முதல் வேலை

மெஷினின் பொத்தானை நிறுத்துவது மட்டும் போதாது. பிளக்கையே கழற்றிவிட வேண்டும். தரையில் தண்ணீர் நின்றால் அதில் கால் வைக்காமல், முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். நமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். ஈரக் கையுடன் அதனோடு விளையாட முடியாது.

சுடுதண்ணீரில் கழுவியிருந்தால் ஆறும் வரை பொறுங்கள். பின்னர் கழிவுநீர்க் குழாயைக் கீழே இறக்கி ஒரு பேசினுக்குள் விட்டால் பெரும்பகுதித் தண்ணீர் தானாக வடியும். குழாய் மடிந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக் கொள்ளலாம். முன்பக்கக் கதவுள்ள மெஷின்களில் பெரும்பாலும் அடியில் ஒரு வடி இருக்கும். பழைய துவாயொன்றை விரித்து, அதைச் சிறிது சிறிதாகத் திருகுங்கள். சில்லறைக் காசு, குழந்தையின் காலுறை, நமது ஸ்கார்ப் பின் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. பின் குத்திவிடும், கையைக் கவனமாக விடுங்கள்.

சத்தத்தைக் கேளுங்கள்

வடியைச் சுத்தம் செய்து இறுக மூடி, தரையையும் துடைத்த பின்னர், ட்ரிப் சுவிட்ச் விழாதிருந்தால் மட்டும் மெஷினை மீண்டும் இயக்கலாம். தண்ணீர் வெளியேறும் கட்டத்தில் அருகில் நின்று கேளுங்கள்.

“உம்ம்” என்று இரைச்சல் வந்தும் தண்ணீர் போகாவிட்டால், பம்புக்கு மின்சாரம் வருகிறது என்பது பொருள். அடைப்போ, உள்ளே சிக்கிய பொருளோ, உடைந்த சக்கரமோதான் பெரும்பாலும் காரணம்.

சிறிது நேரம் ஓடி நின்று, ஆறிய பின் மறுபடியும் ஓடினால், பம்பு சிரமப்பட்டுச் சூடாகிறது. பல பம்புகளில் அளவுக்கு மீறிச் சூடானால் தானே நின்றுவிடும் ஏற்பாடு உண்டு.

எந்தச் சத்தமும் இல்லையென்றால், மின்சாரப் பழுதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பம்புக்கு மின்சாரம் வரவில்லை. அல்லது வந்தும் பம்பின் சுருள் அறுந்திருக்கிறது.

மேலே மூடியுள்ள மெஷின்கள் பலவற்றில் பம்பு கிடையாது. அடியிலுள்ள வால்வைச் சிறு மோட்டார் ஒன்று இழுத்துத் திறக்கும். அங்கே அந்த மோட்டாரையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும். தண்ணீர் போயும் உடுப்பு பிழியப்படாவிட்டால், மூடியின் சுவிட்சைப் பார்க்கச் சொல்லுங்கள்.

திருத்துபவரிடம் கேளுங்கள்

இதற்கு மேல் மெஷினைக் கழற்றுவது நமது வேலையல்ல. ஆனால் கேள்வி கேட்பது நமது உரிமை.

“பம்பின் சுருளை மீற்றரால் அளந்தீர்களா?” என்பது முதற் கேள்வி. பிளக்கையும் பம்பின் வயர்களையும் கழற்றிவிட்டே இதை அளப்பார்கள். 230 வோல்ட்டில் ஓடும் பம்புகள் பலவற்றில் 100 முதல் 200 ஓம் வரை காட்டும். சில புதிய மெஷின்களில் இந்தக் கணக்கு வேறுபடும். சுருள் அறுந்திருந்தால் பம்பை மாற்றினால் போதும்.

“போர்ட்டிலிருந்து பம்பு வரையுள்ள வயரைப் பார்த்தீர்களா?” என்பது இரண்டாவது. இணைப்பு களன்றிருக்கலாம், கடற்கரையூர்களில் உப்புக் காற்றால் துருப்பிடித்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். இவ்விரண்டும் சரியாக இருந்து, உரிய நேரத்தில் போர்ட் மின்சாரம் கொடுக்கவில்லை என்று அளந்து கண்ட பின்னரே போர்ட்டைக் குறை கூற வேண்டும்.

ராத்தாவின் மெஷினை நேரில் வந்து பார்த்தவர் இந்த ஒழுங்கில்தான் பார்த்தார். சுருள் சரி, வயர்தான் பிழை. அடிப்பக்கத்தில் எலி கடித்து ஒரு வயர் அறுந்து, அதன் நுனி ஈரமான இரும்பு உடலில் பட்டுக்கொண்டிருந்தது. பம்பு மௌனமானதும் அதனால்தான். ட்ரிப் சுவிட்ச் விழுந்ததும் அதனால்தான். வயரை மாற்றினார், போர்ட்டைத் தொடவே இல்லை.

விழுந்த சுவிட்ச் பழுதல்ல, அது எச்சரிக்கை. வீடுகளில் பொதுவாகப் பொருத்தப்படும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் உயிர் காக்கவே இருக்கிறது. அது விழுந்தால் பிளக்கைக் கழற்றுங்கள், காரணத்தைத் தேடுங்கள். “இது தொந்தரவு, நேரடியாகக் கொடுத்துவிடுகிறேன்” என்று எவர் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். மாதத்துக்கு ஒருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்று பாருங்கள்.

ராத்தாவின் மகன் அந்த இரும்பு உடலில் கை வைத்துத்தான் மெஷினை நகர்த்தினான். சுவிட்ச் வேலை செய்யாதிருந்தால்? அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. இன்றே ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.