கடலுக்குள் அயோடின் – ஒரு தேடல்

ஆண்டு மலருக்குக் கெமிக்கல் பிராஞ்சிலிருந்து ஒருவர்கூட எழுதவில்லை என்று செயலாளர் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். கவிதை எனக்கு வராது. அம்மா கேட்ட ஒரு கேள்வி மட்டும் கையில் இருக்கிறது. அதையே எழுதிவிடுகிறேன்.

எங்க அம்மா கோபாலபுரத்தில் மீன் விற்கிறார். விடியும் முன்னே காசிமேடு போய் ஏலத்தில் எடுத்து, எட்டு மணிக்கெல்லாம் லாயிட்ஸ் ரோட்டை ஒட்டிய தெருக்களுக்கு வந்துவிடுவார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். 2023 ஆகஸ்ட் 24 அன்று, ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் தேக்கி வைத்திருந்த நீரைச் சுத்திகரித்துப் பசிபிக் கடலில் விடத் தொடங்கினார்கள். அந்த வாரம் போனில் வந்த ஏதோ செய்தியைப் படித்துவிட்டு, பல வருஷமாக வாங்கிக்கொண்டிருந்த ஒரு வீட்டம்மா, "கடல்ல அயோடின் கலந்துடுச்சாம், நமக்குக் கல்பாக்கம் வேற கிட்டத்துல இருக்கு, மீன் வேணாம்மா" என்று கதவைச் சாத்திவிட்டார். அவரைப் பார்த்து அடுத்த இரண்டு வீட்டிலும் அதே பேச்சு. மிச்சமான சங்கராவைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வந்த அம்மா, ராத்திரி என்னிடம் கேட்டார்: "நீதான் படிக்கிறியே, கடல்ல அது கீதா இல்லியான்னு எப்டிடா பாப்பாங்க?" பத்தாவது படித்துக்கொண்டிருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது ஓரளவு தெரியும்.

அயோடின் கடலில் புதிதாகக் "கலக்க" வேண்டியதே இல்லை. அது என்றைக்கும் அங்கே இருப்பது. 1811-இல் பிரான்சில் பெர்னார்ட் கூர்த்துவா என்பவர் கடற்பாசிச் சாம்பலில் கந்தக அமிலத்தை ஊற்றியபோது ஊதா நிற ஆவி எழுந்தது. அப்படித்தான் அந்தத் தனிமமே கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் அயோடின் உண்டு. இது கதிர்வீசாத அயோடின்-127. நம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்குத் தேவையானதும் இதுவே.

இங்கே ஒரு கணக்கு. அந்த ஒரு லிட்டரைக் காய்ச்சினால் 35 கிராம் உப்பு கிடைக்கும். 50 மைக்ரோகிராமும் உப்பிலேயே தங்கினால்கூட, கிலோவுக்கு ஒன்றரை மில்லிகிராம்கூடத் தேறாது. உண்மையில் அதுவும் தங்குவதில்லை. ஆனால் நாம் வாங்கும் பாக்கெட் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது இருக்கவேண்டும் என்பது சட்டம். கடலிலிருந்தே வரும் தூத்துக்குடி உப்புக்குப் பொட்டாசியம் அயோடேட் தனியாகத் தெளிப்பது இதனால்தான்!

சரி, கதிர்வீசும் அயோடினுக்கு வருவோம். அணு உலைக்குள் யுரேனியம் பிளக்கும்போது பிறப்பது அயோடின்-131. இதன் அரை ஆயுள் 8 நாள். அதாவது எட்டு எட்டு நாளில் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். இதற்கு ஒரு அண்ணன் உண்டு, அயோடின்-129. அவருடைய அரை ஆயுள் 1 கோடியே 57 லட்சம் ஆண்டுகள்.

நம் லேபில் ஹைப்போவை பியூரெட்டில் எடுத்து, ஸ்டார்ச் போட்டு, நீலம் மறையும் வரை சொட்டுச் சொட்டாக விட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? (எனக்கு மூன்று முறையும் மூன்று ரீடிங்.) அந்த ஸ்டார்ச், 127-க்கும் 129-க்கும் 131-க்கும் ஒரே நீலத்தைத்தான் காட்டும். வேதியியலுக்கு மூவரும் ஒரே ஆள். தைராய்டுக்கும் அப்படியே. அதனால்தான் விபத்துக் காலத்தில் சாதாரண அயோடின் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துச் சுரப்பியை நிரப்பிவிடுகிறார்கள். பிறகு வருகிற 131-க்கு உள்ளே இடமிருக்காது.

அப்படியானால் கடலில் எப்படிப் பிரித்தறிவது? 1 பெக்கரல், அதாவது நொடிக்கு ஒரு சிதைவு, தருவதற்கு அயோடின்-131-இல் சுமார் 10 லட்சம் அணுக்கள் போதும். அதே ஒரு லிட்டரில் சாதா அயோடின் அணுக்கள் ஏறத்தாழ 2,400 கோடி கோடி. இத்தனை கொஞ்சமாக இருப்பதைத் தனியாகப் பிரிக்கப் போனால் பாத்திரத்தின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு தொலைந்துவிடும். அதனால் நிறைய நீரை எடுத்து, அதில் எடை தெரிந்த சாதா அயோடினைச் சேர்க்கிறார்கள். கேரியர் என்று இதற்குப் பெயர். கடல்நீரில் அயோடின் கொஞ்சம் அயோடேட்டாகவும் கொஞ்சம் அயோடைடாகவும் வேஷம் போட்டிருக்கும். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, வெள்ளி அயோடைடாக மஞ்சள் வீழ்படிவு ஆக்கி வடிகட்டுகிறார்கள். சேர்த்ததில் எவ்வளவு திரும்பி வந்தது என்று எடை போட்டால், கண்ணுக்குத் தெரியாததும் அதே விகிதத்தில் வந்திருக்கும் என்று கணக்கிடலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சாதா அயோடின் கூட நடந்துபோய், கதிர்வீசும் அயோடினைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறது.

பிறகு, திரவ நைட்ரஜனால் குளிரவைத்த ஜெர்மேனியம் படிகத்தின் முன் அதை வைக்கிறார்கள். 131 இருந்தால் வரைபடத்தில் 364 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு மேடு எழும். மேடு எழுந்தால் உடனே அணு உலையைக் கைகாட்டிவிட முடியாது. தைராய்டு நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் இதே 131. அதனால்தான் அந்த வார்டுகளின் கழிவுநீரைத் தொட்டியில் தேக்கி வைத்துவிட்டுப் பிறகு விடுகிறார்கள். ஆஸ்பத்திரி அயோடின் தனியாக வரும். உலையில் விபத்து நடந்து வந்தால் சீசியமும் கூட்டாளியாக வரும்.

அண்ணன் 129 சிதைவதற்காகக் காத்திருந்தால் நம் ஆயுள் போதாது. அதனால் துகள் முடுக்கியில் ஓடவிட்டு அணுக்களையே எண்ணுகிறார்கள். அணு யுகத்துக்கு முன் கடலில், ஒரு லட்சம் கோடி அயோடின் அணுக்களுக்கு ஒன்றிரண்டுதான் 129 இருந்தது. இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு, பிரான்சின் லா ஹேக் மறுசுத்திகரிப்பு ஆலைகள் கடலில் விட்ட 129-ஐப் பின்தொடர்ந்து, நார்வே கரை வழியாக ஆர்க்டிக் வரை நீரோட்டம் எப்படிப் போகிறது என்று வரைந்துவிட்டார்கள்.

2011 மார்ச் 11 சுனாமிக்குப் பின் ஃபுகுஷிமாவில் நடந்ததை மறைத்துச் சொல்லக்கூடாது. அந்த ஏப்ரலில் இபராகி கடலில் பிடித்த, நம் நெத்திலி மாதிரியான ஒரு பொடி மீனில் கிலோவுக்கு 4,000 பெக்கரலுக்கு மேல் அயோடின்-131 இருந்தது. ஜப்பான் அரசு அவசரமாக 2,000 என்று வரம்பு வைத்தது. ஆனால் 80 நாளில் பத்து அரை ஆயுள் முடிந்து 4,000 என்பது 4 ஆகிவிடும். 2023-இல் அந்த 131-இல் ஒன்றும் மிச்சமில்லை. அப்போது கடலில் விட்ட நீரில் முக்கியமாக இருந்தது டிரிடியம். 129 மிகச் சொற்பம்.

நம்ம கல்பாக்கம்? அங்கே முதல் இரண்டு உலைகள் 1984-இலும் 1986-இலும் வணிக ரீதியாக மின்சாரம் வழங்கத் தொடங்கின. குளிர்விக்கும் கடல்நீர், கரையிலிருந்து 468 மீட்டர் தள்ளிக் கடலுக்கடியில் ஒரு சுரங்கம் வழியாக வருகிறது. மறுசுத்திகரிப்பு ஆலையும் அங்கே உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பம்ப் ஹவுஸில் தண்ணீர் புகுந்தபோது, ஓடிக்கொண்டிருந்த உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள், கதிர்வீச்சு வெளியேறவில்லை. அங்குள்ள சுற்றுச்சூழல் ஆய்வகம் சுமார் 30 கிலோமீட்டர் சுற்றளவில் கடல்நீர், மீன், பால் எல்லாம் எடுத்துச் சோதிக்கிறது. ஆட்டின் தைராய்டைக்கூட விடுவதில்லை. மேய்கிற ஆடு அயோடினைக் கழுத்தில் சேர்த்து வைத்துவிடுமே!

ஆனால் அந்த எண்கள் அச்சாவது ஆங்கில அறிக்கைகளில். மாதம் ஒருமுறை காசிமேட்டு ஏலக்கூடத்தில் தமிழில் ஒரு கரும்பலகையில் எழுதிப்போட்டால் என்ன செலவாகிவிடும் என்று எனக்குப் புரியவில்லை.

போன வாரம் இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். மீன் செதிலைச் சீவிக்கொண்டே முழுதும் கேட்டார். அந்த வீட்டம்மா அந்த வருஷமே, புரட்டாசி முடிந்ததும், தானாக வந்து வஞ்சிரம் கேட்டாராம். "அவங்க பயம் போச்சா, இல்ல நாக்கு கேக்கலையான்னு தெர்ல," என்றார் அம்மா. பிறகு, "நீ சொன்ன அந்தக் கழுத்துக் கதைய நாளைக்கு அவங்களாண்ட ஒருதபா வந்து சொல்லு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.