அலை இருக்கிறது, ஆள் இல்லை

சென்னையின் பழைய கடல்துறையைக் காட்டும் கருப்பு வெள்ளைப் படங்களுக்கு இன்று நல்ல மவுசு. கொந்தளிக்கும் கடல், அலையில் செங்குத்தாக எழும் மசூலா படகு, தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்கள். மரச்சட்டமும் கண்ணாடியும் போட்டு ஓட்டல் வரவேற்பறைகளில் மாட்டுகிறார்கள். அந்த அலையைத் தாண்டிப் போனவர்கள் யார் என்று மட்டும் படத்தின் அடிக்குறிப்பு சொல்வதில்லை.

அன்று சென்னையில் கப்பல் கரையை ஒட்டி நிற்க வழியில்லை. ஆழமான இடத்தில் நிற்கும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான் ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கின. தைத்த படகு என்பதால் அலை மோதினாலும் வளைந்து கொடுக்கும். 1875இல் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கட்டிக்கொண்டிருந்த அலைத்தடுப்புச் சுவர்களை 1881 நவம்பர் புயல் சிதைத்துப் போட்டது. மறுபடி கட்ட வேண்டியதாயிற்று.

இதே கரையிலிருந்துதான் 1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. 342 ஒப்பந்தக் கூலிகளுடன் நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குப் போனவர்கள் சுமார் 1.52 லட்சம் பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள்.

எல்லோரும் தலித்துகள் அல்ல. பல சாதியினரும் போனார்கள். ஆனாலும் கப்பல் பதிவேடுகளின் சாதிக் கட்டத்தில் ‘பறையர்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. காரணம் கடலில் இல்லை, ஊரில் இருக்கிறது. செங்கல்பட்டுப் பகுதியில் நிலம் மிராசுதாரர் கையில் இருந்தது. உழுத பண்ணையாளுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை. 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறையை ஏற்க மறுத்த பின்னும் கடன் அவர்களைக் கட்டிப்போட்டது. 1876-78 பஞ்சத்தில் சேரிகள் சுருண்டு விழுந்தன. அங்கே இருந்தால் பட்டினி, போனால் கடல். பலர் கடலைத் தேர்ந்தார்கள். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் இந்த நிலைமையை அறிக்கையாக எழுதியது 1891இல்தான். அதன் பிறகே, 1892இல், பஞ்சமி நிலத்துக்கு வழி பிறந்தது.

போனவர்களையும் கேமரா படம் பிடித்தது. ஆனால் வேறு காரணத்துக்காக. மொரீஷியசில் 1867ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடிந்த தொழிலாளியும் தன் படம் ஒட்டிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்றது. அந்த முகங்கள் இன்று அங்கே ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எந்த ஓட்டல் சுவரிலும் அவற்றுக்கு இடமில்லை.

கடல் கடந்து போய்த் திரும்பியவரும் உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். ஊர் திரும்பிச் சட்டமன்றத்துக்குப் போனார். பொதுச் சாலையிலும் கிணற்றிலும் தீண்டப்படாதோருக்கு உள்ள உரிமையை நிலைநாட்டும் தீர்மானத்தை 1924இல் நிறைவேறச் செய்தார். பிறகு லண்டன் வட்டமேசை மாநாட்டிலும் பேசினார்.

இந்தப் படங்களைச் சுவரிலிருந்து கழற்றச் சொல்லவில்லை. அடியில் இரண்டு வரி சேர்க்கச் சொல்கிறோம்: இந்த அலை வழியேதான் ஒப்பந்தக் கூலிகளும் கப்பலேறினார்கள் என்று.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ‘தாத்தாவுடைய அண்ணன் கப்பலேறிப் போனாராம், திரும்பவே இல்லை’ என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் நம் காலனிகளில் இருக்கிறார்கள். அவர் பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர்ப் பெயர் மூன்றையும் கேட்டு எழுதி வையுங்கள். நேட்டால் கப்பல் பதிவேடுகளில் ஆளை அடையாளம் காட்டுவதும் அந்த மூன்றுதான்.