வழக்கமான ரத்தப் பரிசோதனையில் வராத உப்பு

பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்த பெற்றோர் சோடியம் இவ்வளவு, பொட்டாசியம் இவ்வளவு என்று மனப்பாடமாகச் சொல்வதை என் வானொலி நிகழ்ச்சியில் கேட்டிருக்கிறேன். மெக்னீசியம் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. அதில் வியப்பில்லை. பல மருத்துவமனைகளில் வழக்கமான உப்புப் பரிசோதனையில் அது சேராது. மருத்துவர் தனியாக எழுதிக் கொடுத்தால்தான் பார்ப்பார்கள்.

வளர்ந்த ஒருவரின் உடம்பிலேயே மொத்தம் 25 கிராம் அளவுக்குத்தான் மெக்னீசியம் இருக்கிறது. பாதிக்கு மேல் எலும்பில். ரத்தத்தில் ஓடுவது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. எனவே ரத்தத்தில் அளவு சரியாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பு கரைந்திருக்கலாம். வங்கிக் கணக்கைப் பார்க்காமல் சட்டைப்பைக் காசை எண்ணுகிற கதைதான்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் குழந்தைகளிடம் இந்தக் குறைபாடு சாதாரணமாகக் காணப்படுகிறது. நாள்கணக்கில் வயிற்றுப்போக்கு, சாப்பாடு இறங்காமை, சிறுநீரை அதிகமாக்கும் மருந்து, சில ஆண்டிபயாடிக் மருந்துகள் எனப் பல வழிகளில் மெக்னீசியம் குறைந்துவிடும். மிகவும் குறைந்தால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. மெக்னீசியம் இல்லாவிட்டால் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். கால்சியத்தைக் கவனிக்கும் பாராதைராய்டு சுரப்பியும் சரியாக வேலை செய்யாது. அந்த இரண்டையும் எத்தனை முறை ஏற்றினாலும் ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றியதுபோல்தான்.

இப்படி அளவு குறைந்த குழந்தைகள் அதிக நாள் படுக்கையில் இருக்கிறார்கள், இறப்பும் அவர்களிடையே கூடுதல் என்று இந்தியா உட்படப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் மெக்னீசியம் குறைந்ததால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் அது குறைந்ததா? இதைப் பிரித்துச் சொல்வது கடினம். எல்லாக் குழந்தைக்கும் அதை ஏற்றினால் உயிர் பிழைக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

இதைப் படித்ததும் மருந்தகத்துக்குப் போய் மெக்னீசியம் புட்டி வாங்கிவிடாதீர்கள். மிஞ்சியதை வெளியேற்றுவது சிறுநீரகம். அது பலவீனமாக உள்ள பிள்ளைக்கு மெக்னீசியம் தேங்கி, ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சே தளரும். கடுமையான ஆஸ்துமாவுக்கு இதையே டிரிப்பில் ஏற்றுகிறார்கள். அது தாதியர் பக்கத்தில் நின்று அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே செய்வது. நன்றாக ஓடியாடும் பிள்ளைக்குக் கீரையும் பருப்பும் கச்சாங்கும் போதும்.

பிள்ளை மருத்துவமனையில் இருந்தால், எத்தனை நாளாக வயிற்றுப்போக்கு, வீட்டில் என்னென்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதைக் கைத்தொலைபேசியில் எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். பொட்டாசியம் ஏற்றியும் ஏறவில்லை என்றால், "மெக்னீசியம் பார்த்தாச்சா டாக்டர்?" என்று கேளுங்கள். நான் பேட்டி கண்ட மருத்துவர்கள் யாரும் இப்படிப்பட்ட கேள்விக்குக் கோபித்துக்கொண்டதில்லை.