ஆமைக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது தமிழரிடையே வழங்கிவரும் பழைய சொல். அந்த நம்பிக்கை இன்று பெரிதும் தளர்ந்துவிட்டது. ஜொகூர் மாநிலத்து நகரங்களில் ஆமை இப்போது தானாக வீட்டினுள் புகுவதில்லை. கடையில் விலை கொடுத்து வாங்கப்பட்டு, பிள்ளைகளின் கையில் பத்திரமாக ஏந்தப்பட்டு, வீட்டுக்குள் அழைத்து வரப்படுகிறது. அதனுடன் ஒரு சிறு பிளாஸ்டிக் தொட்டியும் வருகிறது. அத்தொட்டியின் நடுவே ஒரு மேடு. மேட்டின்மேல் பிளாஸ்டிக்கில் ஒரு தென்னை மரம். இவ்வளவுதான் அப்பிராணிக்கு வகுக்கப்பட்ட உலகம்.

வீடு உருப்படுமா என்பது ஒருபுறமிருக்க, இந்த உலகத்தில் ஆமை உருப்படுமா என்பதே இங்கு ஆராய வேண்டிய கேள்வி. ஊர்வனவற்றை வளர்ப்பதில் நேரும் துன்பங்களுள் பெரும்பாலானவை இரக்கமின்மையால் நேர்வன அல்ல. அளவு தெரியாமையால் நேர்வன. கடையில் கண்ட குட்டிக்குத் தக்கதாக இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வளரப்போகும் பிராணியை எவரும் அளந்து பார்ப்பதில்லை.

வெள்ளிக்காசு அளவிலிருந்து தட்டு அளவு வரை

இவ்வாறு விற்கப்படும் குட்டிகளுள் முதன்மையானது செங்காது ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவந்த பட்டை ஒன்று இருப்பதால் இப்பெயர். இதன் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்குள்ள பண்ணைகளில் பெருக்கப்பட்டு, 1989 முதல் 1997 வரையிலான காலத்தில் மட்டும் 5 கோடியே 20 லட்சத்துக்கு மேற்பட்ட ஆமைகள் உலகெங்கும் ஏற்றுமதியாயின.

முட்டையிலிருந்து வெளிவரும் குட்டியின் ஓடு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். நல்ல உணவு கிடைத்தால் சில ஆண்டுகளிலேயே அது உள்ளங்கையைக் கடந்துவிடும். முழு வளர்ச்சியடைந்த பெண் ஆமையின் ஓடு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை நீளும். அதாவது சோறு உண்ணும் தட்டின் அளவு. ஆண் ஆமை இதனினும் சற்றுச் சிறியது. முறையாகப் பேணப்பட்டால் 20, 30 ஆண்டுகளும், அதற்கு மேலும் வாழக்கூடியது. முதலாம் ஆண்டில் படிக்கும் பிள்ளைக்காக வாங்கப்படும் குட்டி, அப்பிள்ளை திருமணம் முடித்துப் பிள்ளை பெறும் காலத்திலும் உயிரோடிருக்கலாம்.

"சிறு தொட்டியில் வளர்த்தால் ஆமையும் சிறிதாகவே இருந்துவிடும்" என்று சொல்வோர் உளர். இது பெரும் பிழை. பிராணியின் வளர்ச்சியை நிர்ணயிப்பவை அதன் பரம்பரை, உணவு, வெப்பம் ஆகியவையே. தொட்டியின் சுவர் அன்று. நெருக்கடியான தொட்டியில் ஓர் ஆமை வளராமல் நின்றுவிட்டதென்றால், அது இடத்துக்கேற்ப அடங்கிக்கொண்டது என்று பொருளில்லை. நோயுற்று நலிந்துவிட்டது என்பதே பொருள். ஓடு மென்மையாதல், கோணலாதல், கண் வீங்குதல் ஆகியவை இந்நலிவின் அடையாளங்கள்.

அளக்கும் முறை

எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனி நாட்டு நிபுணர் குழு 1997-ஆம் ஆண்டு ஊர்வனவற்றை வளர்ப்பதற்கான குறைந்தபட்ச அளவுகளை வகுத்துத் தந்தது. அக்குழு கையாண்ட முறை எளிமையானது. எல்லாவற்றுக்கும் இத்தனை சென்டிமீட்டர் என்று ஒரே அளவைக் கூறாமல், பிராணியின் உடல் நீளத்தையே அளவுகோலாகக் கொண்டது. நீர் ஆமைக்குத் தொட்டியின் நீளம் ஓட்டின் நீளத்தைப் போல் ஐந்து மடங்கு. அகலம் அந்நீளத்தில் பாதி. நீரின் ஆழம் ஓட்டின் அகலத்தைப் போல் இரு மடங்கு. இவை குறைந்தபட்ச அளவுகளே.

இக்கணக்கை ஆறாம் ஆண்டு மாணவனும் போட்டுப் பார்க்கலாம். ஓட்டின் நீளம் 25 சென்டிமீட்டர், அகலம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தொட்டியின் நீளம் 125 சென்டிமீட்டர், அகலம் 62.5 சென்டிமீட்டர், நீரின் ஆழம் 40 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் 3,12,500 கன சென்டிமீட்டர், அதாவது 312.5 லிட்டர் தண்ணீர். ஓட்டின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 10 காலன் தண்ணீர் என்று அமெரிக்க வளர்ப்போர் கூறும் வழக்கமான கணக்கும் இதே ஆமைக்கு ஏறக்குறைய 380 லிட்டர் என்றே காட்டும். இரண்டும் வெகுதூரம் விலகவில்லை.

இனி, கடையில் கிடைக்கும் தொட்டியை எண்ணிப் பார்க்கலாம். அதன் நீளம் 30, அகலம் 20, தண்ணீரின் ஆழம் 5 சென்டிமீட்டர் என்று கொண்டால், கொள்வது 3 லிட்டர். தேவையானது இதனினும் நூறு மடங்குக்கு மேல்.

கணக்கு இதோடு முடியவில்லை. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோகிராம். எனவே 312 லிட்டர் தொட்டி, கண்ணாடியின் எடையைச் சேர்க்காமலே, 300 கிலோவுக்கு மேல் கனக்கும். அதைச் சாப்பாட்டு மேசையின்மேல் வைக்க இயலாது. அடுக்குமாடி வீட்டில் வாழ்வோர் வாங்கும் முன்னரே இதைச் சிந்திப்பது நல்லது. வீட்டின் பின்புறம் இடமுள்ளவர்கள் சிமெந்துத் தொட்டி கட்டுவது சிறந்த ஏற்பாடு. ஆமை ஏறித் தப்பாதபடி சுவர் நீர்மட்டத்துக்கு மேலும் உயர்ந்திருக்க வேண்டும். நீரை வடிக்க வழியும், வடிகட்டியும் வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிட இடமளிக்காமல் நீரைக் கவனித்து வருவதும் வீட்டாரின் கடமை.

நீரின் அளவு ஆமையின் நீச்சலுக்கு மட்டும் அன்று; அதன் தூய்மைக்கும் ஆகும். ஆமை உண்பதும் கழிப்பதும் ஒரே நீரில். சிறிய அளவு நீர் ஒரே நாளில் கெட்டுவிடும். ஆமைகளின் உடலிலும் அவை வாழும் நீரிலும் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கலாம். இக்கிருமி பிள்ளைகளைத் தாக்கியதால்தான், ஓடு 4 அங்குலத்துக்குக் குறைந்த குட்டிகளைச் செல்லப் பிராணிகளாக விற்பதை அமெரிக்க அரசு 1975-இல் தடை செய்தது. தொட்டியைச் சமையலறையில் கழுவலாகாது. ஆமையைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் ஆமையை வளர்க்காதிருப்பதே நன்று.

இடம் என்பது வெறும் பரப்பு அன்று

ஊர்வன, மனிதரைப் போல் தம் உடலுக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்கி நிலைநிறுத்துவன அல்ல. சூடு வேண்டும்போது வெயிலுக்கு வரும்; சூடு மிகுந்தால் நிழலுக்கு நகரும். செரிமானமும் நோய் எதிர்ப்பும் இந்நடமாட்டத்தையே நம்பியிருக்கின்றன. எனவே வளர்ப்புப் பெட்டிக்கு இரு முனைகள் இன்றியமையாதவை: ஒன்று சூடானது, மற்றொன்று குளிர்ந்தது. முப்பது சென்டிமீட்டர்ப் பெட்டியின் ஒரு முனையில் விளக்கை ஏற்றினால் மறுமுனையும் சூடாகிவிடும். பிராணிக்கு ஒதுங்க இடமில்லை. பெட்டி நீளமாக இருக்க வேண்டும் என்பதற்கு முதற் காரணம் இதுவே.

ஜொகூரின் தட்பவெப்பம் நீர் ஆமைக்கு ஏறக்குறைய ஏற்றதே. பெரும்பாலும் நீரைச் சூடாக்கத் தேவையில்லை. ஆனால் உடல் முழுவதும் உலரும்படி ஏறி அமர ஒரு திட்டும், அத்திட்டின்மேல் காலை வெயிலும், பக்கத்தில் நிழலும் வேண்டும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் போதாது. எலும்புக்கும் ஓட்டுக்கும் வேண்டிய புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. மூடிய கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைப்பதோ அதனினும் கொடிது. சிறிது நேரத்திலேயே அது அடுப்பாகிவிடும்.

பிற பிராணிகளுக்கும் இதே சிந்தனை பொருந்தும். சிறுத்தைப் பல்லி பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட நிலத்தைச் சார்ந்தது. அது தரையில் நடமாடுவது. ஆகவே உயரத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம். 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பெட்டி அதற்குத் தகும். ஜொகூரின் ஈரக்காற்று அதற்கு ஒவ்வாதாகையால் காற்றோட்டம் மிகுதியாக வேண்டும். நியூ கலிடோனியாத் தீவின் கொண்டைப் பல்லியோ மரம் ஏறுவது. அதற்கு உயரமான பெட்டியும் கிளைகளும் தேவை. பாம்புக்கு அதன் நீளத்தில் பாதியிருந்தால் போதும் என்று முன்பு கூறிவந்தனர். உடலை முழுவதும் நீட்டிக்கொள்ளப் பாம்புக்கு இடம் வேண்டும் என்று 2019-இல் கிளிஃபோர்ட் வார்விக் முதலான ஆய்வாளர்கள் எடுத்துரைத்தனர்.

இடம் பெரிதானால் மட்டும் போதுமா? போதாது. இளம் பாம்பை வெறுமையான பெரிய பெட்டியில் விட்டால் அஞ்சி இரையை மறுப்பதும் உண்டு. அதற்கு மருந்து பெட்டியைச் சுருக்குவது அன்று. ஒளிந்துகொள்ள மறைவிடங்களை அமைப்பதே. சுவிட்சர்லாந்து விலங்கியல் அறிஞர் ஹெய்னி ஹெடிகர் 1942-இல் வெளியிட்ட நூலில் இவ்வுண்மையை விளக்கினார். அடைபட்ட விலங்குக்கு இடத்தின் அளவைவிட இடத்தின் தன்மையே பெரிது என்பது அவர் கருத்து. எனினும் அளவே இல்லாத இடத்தில் தன்மையை எங்கே வைப்பது? இரண்டும் சேர்ந்தே அமைய வேண்டும்.

சட்டமும் பொறுப்பும்

ஜொகூர் பாருவில் 1928-இல் தொடங்கிய விலங்குக் காட்சிச்சாலை மலேசியாவின் பழம்பெரும் காட்சிச்சாலைகளுள் ஒன்று. காட்சிச்சாலைகளில் கூண்டுகள் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை 2012-ஆம் ஆண்டு விதிமுறைகள் வரையறுக்கின்றன. வீட்டுக்குள் இருக்கும் தொட்டியை அளக்க எவரும் வருவதில்லை. ஆயினும் பொறுப்பு இல்லாமல் போகவில்லை. தக்க சூழல், தக்க உணவு, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு ஆகியவற்றைப் பிராணிக்கு அளிப்பது உடைமையாளரின் கடமை என 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் கூறுகிறது.

இடத்தை அளக்கும் முன்னர், வளர்க்க உரிமை உண்டா என்று அறிவது முதற்படி. பாதுகாக்கப்பட்ட இனங்களை வைத்திருக்க 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெர்ஹிலித்தான் இலாகாவின் உரிமம் வேண்டும். தமிழகத்திலிருந்து கடத்தப்படும் நட்சத்திர ஆமைகள் மலேசிய விமான நிலையங்களில் பிடிபட்டதுண்டு. 2019-ஆம் ஆண்டு முதல் அவ்வினத்தின் பன்னாட்டு வாணிபம் அறவே தடுக்கப்பட்டுள்ளது. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரிலோ, ஊர்வனவற்றுள் செங்காது ஆமையும் மலாயாப் பெட்டி ஆமையும் மட்டுமே வீட்டில் வளர்க்க நெடுங்காலமாக அனுமதிக்கப்பட்டவை.

தொட்டியை மீறி வளர்ந்த ஆமையை என் செய்வது? பலர் அதை ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடுகின்றனர். கோயில் குளத்தில் விடுவதைப் புண்ணியமெனக் கருதுவோரும் உண்டு. இது அருளன்று. செங்காது ஆமை, உலகின் மிகக் கொடிய 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. உணவையும் வெயில் காயும் இடத்தையும் உள்நாட்டு ஆமைகளிடமிருந்து பறித்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் இதன் இறக்குமதியை நிறுத்தியது இதனால்தான். கேரளத்தின் நீர்நிலைகளிலும் இது காணப்பட்டு அங்குள்ள வன ஆய்வாளர்களைக் கவலைக்குள்ளாக்கியது. வீட்டில் இடமில்லாமை, இறுதியில் ஆற்றின் இடத்தையும் பறித்துவிடுகிறது.

ஆகவே கடைக்குச் செல்லும் முன் அளவுநாடா ஒன்றை எடுத்துக்கொள்வது நலம். வீட்டில் 125 சென்டிமீட்டர் நீளத்துக்கு இடம் இருக்கிறதா என்று பிள்ளையையே அளந்து பார்க்கச் சொல்லலாம். இருந்தால் வாங்கலாம், இல்லையேல் வாங்காமல் திரும்புவதும் அப்பிராணிக்குச் செய்யும் அன்பே. ஊர்வனவற்றைக் கவனிக்க விரும்பும் பிள்ளைக்கு வழி இல்லாமற் போகாது. மாலையில் விளக்கடியில் பூச்சி பிடிக்கும் சுவர்ப் பல்லி ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. வேலியில் தலையசைக்கும் ஓணானும் உண்டு. அவற்றுக்குத் தொட்டியும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். தமக்கு வேண்டிய சூட்டையும் நிழலையும் அவை தாமே தேடிக்கொள்கின்றன. அதைச் சில நாள் கூர்ந்து பார்த்த பிள்ளைக்கு, ஓர் ஊர்வனவுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை வேறு எவரும் கற்பிக்கத் தேவையிராது.